பொருள் சொல்லும் அதிகாரம் யாரிடம்?

ஒரு வீடு கைமாறும்போது விற்பவரும் வாங்குபவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். பத்திரம் எழுதப்படுகிறது. அந்த வீட்டில் காலங்காலமாகக் குடியிருப்பவரை யாரும் கேட்பதில்லை. "உமக்கு ஒரு குறையும் வராது, எல்லாம் பழையபடியே நடக்கும்" என்று இரு தரப்பாரும் அவருக்குச் சமாதானம் சொல்கிறார்கள். ஆனால் அவருடைய கவலை தீர்வதில்லை. "பழையபடி" என்ற சொல்லுக்கு நாளைக்கு யார் பொருள் சொல்வார்கள் என்பதே அவர் கவலை.

1997 ஜூலை 1-ம் தேதி பிரிட்டனின் கையிலிருந்து சீனாவின் கைக்குப் போன ஹாங்காங் மக்களின் நிலை இதுதான். கைமாற்றத்துக்கு முந்திய 15 ஆண்டுகளும் அவர்கள் பயத்துடனேயே வாழ்ந்தார்கள். அந்தப் பயத்தைப் பலர் அப்போது கேலி செய்தனர். பணக்காரர்களின் பீதி என்றனர் சிலர். வெள்ளைக்காரன் ஆட்சி மீது கொண்ட மோகம் என்றனர் வேறு சிலர். இன்று திரும்பிப் பார்த்தால் அந்தப் பயத்துக்குத் தக்க காரணம் இருந்தது என்பது தெளிவாகிறது. அதன் ஆணிவேர் எது என்பதையும் காண முடிகிறது.

குத்தகைக் கணக்கு

ஹாங்காங் ஒரே நாளில் பிரிட்டனிடம் வந்த பூமி அல்ல. அபினி யுத்தத்தில் தோற்ற சீனா 1842-ல் நான்கிங் உடன்படிக்கையின்படி ஹாங்காங் தீவை விட்டுக்கொடுத்தது. 1860-ல் எதிர்க்கரையில் உள்ள கௌலூன் முனையையும் இழந்தது. 1898-ல் அதற்கு வடக்கே உள்ள நிலப்பரப்பும் சுற்றியுள்ள தீவுகளும் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. காலனியின் மொத்த நிலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இந்தக் குத்தகை பூமிதான். அதன் கெடு 1997 ஜூன் 30.

கெடு நெருங்கியபோது பிரிட்டன் முன் இருந்த வழிகள் குறைவு. குத்தகை பூமியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தீவை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. பலவந்தமாகப் பறிக்கப்பட்ட நிலம் திரும்பி வரவேண்டும் என்ற சீனாவின் கோரிக்கையிலும் நியாயம் இருந்தது. காலனி ஆட்சியை அனுபவித்த எந்த நாட்டு மக்களும் அந்த நியாயத்தை மறுக்க மாட்டார்கள்.

சிக்கல் நிலத்தில் இல்லை, அதில் வாழ்ந்த மனிதர்களிடம் இருந்தது. 1980-களின் நடுவில் அங்கே சுமார் 55 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் 1949-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி ஏற்பட்ட பிறகு சீனாவிலிருந்து தப்பி வந்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். எந்த ஆட்சிக்குப் பயந்து ஓடி வந்தார்களோ அதே ஆட்சி தங்கள் வாசலுக்கு வருகிறது என்றால் யாருக்குத்தான் தூக்கம் வரும்?

இடமில்லாத மூன்றாமவர்

1982 செப்டம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் திருமதி தாட்சர் பீகிங் சென்று டெங் சியோ பிங்கைச் சந்தித்தார். அதன்பின் இரு சர்க்கார்களுக்கும் இடையே பேச்சு தொடங்கியது. ஹாங்காங் மக்களுக்கு அந்த மேஜையில் நாற்காலி போடப்படவில்லை. 1983-ல் கவர்னர் சர் எட்வர்ட் யூட், தாம் ஹாங்காங் மக்களின் பிரதிநிதியாகப் பேச்சில் கலந்துகொள்வதாகக் கூறினார். சீனா உடனே மறுத்தது. அவர் பிரிட்டிஷ் குழுவின் ஓர் அங்கத்தினர் மட்டுமே என்றது. இந்தப் பேச்சு இரு நாடுகளுக்கு இடையிலானது, அதில் மூன்றாவது தரப்புக்கு இடமில்லை என்பது சீனாவின் பிடிவாதம்.

பேச்சு இழுபறியானதும் பீதி கடைத்தெருவுக்கு வந்தது. 1983 செப்டம்பர் 24-ம் தேதி, ஒரு சனிக்கிழமை. ஒரு அமெரிக்க டாலருக்கு 9.60 ஹாங்காங் டாலர் என்ற அளவுக்கு நாணயம் சரிந்தது. ஜனங்கள் கடைகளுக்கு ஓடி அரிசியும் சாமான்களும் வாங்கிக் குவித்தார்கள். அக்டோபர் 17-ம் தேதி முதல் 7.80 என்று மாற்று விகிதத்தைக் கட்டிப்போட்ட பிறகே நிலைமை அடங்கியது.

1984 டிசம்பர் 19-ம் தேதி பீகிங்கில் கூட்டுப் பிரகடனம் கையெழுத்தாயிற்று. வாசகம் நன்றாகவே இருந்தது. தேசப் பாதுகாப்பும் வெளிவிவகாரமும் தவிர மற்ற விஷயங்களில் ஹாங்காங்குக்கு உயர்ந்த அளவு சுயாட்சி உண்டு. சட்டசபை தேர்தல் மூலம் அமையும். நீதிமன்றங்கள் சுதந்திரமாக இயங்கும். முதலாளித்துவ முறையும் வாழ்க்கை முறையும் 50 ஆண்டுகளுக்கு மாறாது.

அதற்குச் சில மாதங்கள் முன்பே நகலைப் பிரசுரித்து ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டது பிரிட்டிஷ் சர்க்கார். ஆனால் அதில் திருத்தம் செய்ய வழியில்லை என்பதையும், இதை ஏற்காவிட்டால் ஒப்பந்தமே இல்லாத நிலைதான் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டது. கேட்பது போலக் கேட்பது என்பது இதுதான்.

எழுதியவர்கள் யார்?

பிரகடனத்தில் இருந்தவை வாக்குறுதிகள். அவற்றைச் சட்டமாக்க வேண்டும். ஹாங்காங்கின் வருங்கால அரசியல் சட்டமான அடிப்படைச் சட்டத்தை எழுத 1985-ல் ஒரு குழு அமைந்தது. அங்கத்தினர் 59 பேர். அவர்களில் 36 பேர் சீனாவைச் சேர்ந்தவர்கள், 23 பேர் மட்டுமே ஹாங்காங்வாசிகள். அந்த 23 பேரும் ஹாங்காங் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் அல்ல, பீகிங் நியமித்தவர்கள். அவர்களில் பெரும் வர்த்தகர்களும் தொழிலதிபர்களும் அதிகம். ஜனநாயகக் குரல் என்று சொல்லத்தக்கவர்கள் வழக்கறிஞர் மார்ட்டின் லீ, ஆசிரியர் சங்கத் தலைவர் ஸெட்டோ வா ஆகிய இருவர்.

பிரிட்டன் இந்தச் சமயத்தில் என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். நூற்றைம்பது ஆண்டு காலம் லண்டன் அனுப்பிய கவர்னர்தான் ஹாங்காங்கை ஆண்டார். சட்டசபைக்கு முதல் முறையாக மறைமுகத் தேர்தல் நடந்ததே 1985-ல்தான். 1988-ல் நேரடித் தேர்தல் வேண்டும் என்ற இயக்கத்துக்கு இரண்டு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கையெழுத்திட்டார்கள். கருத்துகளைக் கணக்கெடுத்த சர்க்கார், அந்தக் கையெழுத்துகளைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு, மக்களின் கருத்து பிளவுபட்டிருக்கிறது என்று முடிவு சொன்னது. நேரடித் தேர்தல் 1991-க்குத் தள்ளிப்போயிற்று. அப்போதும் 60 இடங்களில் 18 இடங்களுக்கு மட்டுமே மக்கள் நேரடியாக ஓட்டுப் போட முடிந்தது.

ஆளும் காலத்தில் ஜனநாயகத்தைப் பழக்காதவர்கள், மூட்டை கட்டும் நேரத்தில் அதைப் பற்றிப் பேசினால் எடுபடுமா? கடைசிக் கவர்னர் கிறிஸ் பாட்டன் 1992-ல் அறிவித்த சீர்திருத்தங்களை ஏற்க மறுத்த சீனா, 1995-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டசபையைக் கைமாற்றத்தன்றே கலைத்துவிட்டது. அதன் இடத்தில் தன் சொந்த ஏற்பாட்டில் ஒரு தற்காலிகச் சட்டசபையை வைத்தது.

158-வது ஷரத்து

1988 ஏப்ரலில் அடிப்படைச் சட்டத்தின் முதல் நகல் வெளிவந்தது. ஹாங்காங் வழக்கறிஞர்கள் அதைக் கையில் எடுத்துப் படித்தபோது அவர்களை அதிகமாகத் திடுக்கிடச் செய்தது, சட்டத்துக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் பற்றிய ஷரத்து. 1990 ஏப்ரல் 4-ம் தேதி பிரகடனமான இறுதிச் சட்டத்தில் அது 158-வது ஷரத்தாக நிற்கிறது. அடிப்படைச் சட்டத்துக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் சீனாவின் தேசிய மக்கள் காங்கிரஸின் நிலைக்குழுவிடம் இருக்கும் என்கிறது அது. ஹாங்காங் நீதிமன்றங்கள் சுயாட்சி எல்லைக்குள் பொருள் சொல்லலாம். ஆனால் அதுவும் நிலைக்குழு அளித்த அதிகாரத்தினால்தான்.

இதன் ஆழத்தை எந்தக் குமாஸ்தாவும் உடனே புரிந்துகொள்வார். கம்பெனியின் சர்வீஸ் விதிகள் எத்தனையோ பக்கங்கள் இருக்கும். லீவு உண்டு, பதவி உயர்வு உண்டு, மேல்முறையீடு உண்டு. படித்தால் மனம் குளிரும். கடைசியில் ஒரு வரி இருக்கும்: இந்த விதிகளின் பொருள் பற்றி ஐயம் எழுந்தால் நிர்வாகத்தின் முடிவே இறுதியானது. முன்னே கொடுத்தது எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக்கொள்ள அந்த ஒரு வரி போதும்.

நம் நாட்டில் அரசியல் சட்டத்தின் ஒரு ஷரத்துக்குப் பொருள் என்ன என்ற வழக்கு வந்தால் கடைசியாகச் சொல்வது சுப்ரீம் கோர்ட். சர்க்கார் அங்கே ஒரு கட்சிக்காரராக நின்று வாதாடுகிறது. தோற்கவும் செய்கிறது. பார்லிமெண்டுக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்காவிட்டால் அது சட்டத்தைப் பகிரங்கமாகத் திருத்த முயல வேண்டும். அந்தத் திருத்தமும் கோர்ட்டின் பரிசீலனைக்கு உட்பட்டது. ஹாங்காங்கிலோ வழக்கின் ஒரு பக்கத்தில் நிற்கக்கூடிய பீகிங்கே சட்டத்தின் அகராதியையும் தன் கையில் வைத்துக்கொண்டது. முன்பு லண்டனில் பிரிவி கவுன்சில் அளித்து வந்த இறுதித் தீர்ப்பு ஹாங்காங்குக்கு வந்தது உண்மை. ஆனால் இறுதிப் பொருள் பீகிங்குக்குப் போய்விட்டது.

இந்த நிலையில்தான் 1989 வந்தது. தியானன்மென் சதுக்கத்தில் கூடியிருந்த மாணவர்களுக்கு ஆதரவாக மே மாதத்தில் ஹாங்காங் தெருக்களில் லட்சக்கணக்கானவர்கள் ஊர்வலம் போனார்கள். ஜூன் 4-ம் தேதி பீகிங்கில் ராணுவம் சுட்டது. மார்ட்டின் லீயும் ஸெட்டோ வாவும் சட்டம் எழுதும் குழுவிலிருந்து விலக்கப்பட்டனர். தேசத்துரோகம், பிரிவினை முதலியவற்றைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்ற 23-வது ஷரத்து இன்னும் இறுக்கப்பட்டது. மத்திய ஆட்சியைக் கவிழ்க்கும் செயல், அந்நிய அரசியல் அமைப்புகளுடன் தொடர்பு ஆகியவையும் அதில் ஏறின. எந்தச் செயல் ஆட்சியைக் கவிழ்க்கும் செயல்? அதற்கும் பொருள் சொல்ல வேண்டியவர் அதே நிலைக்குழு.

காலால் ஓட்டுப் போட்டவர்கள்

வாக்குச் சீட்டு இல்லாதவர்கள் காலால் ஓட்டுப் போட்டார்கள். 1990-ல் சுமார் 62,000 பேர் ஹாங்காங்கை விட்டுக் கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1992-ல் சுமார் 66,000 பேர். டாக்டர்கள், என்ஜினீயர்கள், கணக்கர்கள், நர்சுகள் என்று படித்தவர்களும் தொழில் தெரிந்தவர்களும் இவர்களில் அதிகம். மனைவி மக்களை அங்கே குடிவைத்துவிட்டு, சம்பாதிப்பதற்காகத் தாம் மட்டும் ஹாங்காங் திரும்பிய குடும்பத் தலைவர்களும் உண்டு. பிழைப்பு ஓர் ஊரில், குடும்பம் ஓர் ஊரில் என்ற வாழ்க்கையின் வேதனை வெளிமாநிலத்தில் வேலை பார்ப்பவர்களுக்குப் புதிதல்ல.

போக வசதியில்லாத லட்சோப லட்சம் தொழிலாளர்கள் அங்கேயே இருந்தார்கள். இவர்களை பிரிட்டன் கைகழுவிவிட்டது என்றே சொல்ல வேண்டும். 1981-ம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை பிரிட்டனில் குடியிருக்க உரிமையற்ற, சார்புப் பிரதேசப் பிரஜைகள் ஆக்கியது. 1989-க்குப் பிறகு எழுந்த கூக்குரலுக்குப் பதிலாக, தேர்ந்தெடுத்த 50,000 குடும்பங்களுக்கு மட்டும் முழுப் பிரஜாவுரிமை தர 1990-ல் சட்டம் செய்தது. பக்கத்திலிருந்த மக்காவில், போர்ச்சுகல் தன் பிரஜைகளான சீன வம்சாவளியினருக்கும் முழுப் பிரஜாவுரிமையை விட்டுவைத்தது. சிறிய நாடு காட்டிய தாராளம் பெரிய நாட்டுக்கு வரவில்லை.

இந்தியர்களின் கதி

இந்தக் கணக்கில் எங்கும் சேராமல் நின்றவர்கள் அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த இந்தியர்கள். ஹாங்காங்கின் புகழ்பெற்ற ஸ்டார் படகுச் சேவையைத் தொடங்கியவர் ஒரு பார்ஸி. ஹாங்காங் சர்வகலாசாலைக் கட்டடத்துக்கு வாரி வழங்கிய ஹோர்முஸ்ஜி மோடியும் பார்ஸிதான். சீக்கியர்கள் போலீசில் சேவகம் செய்தார்கள். சிந்தி வணிகர்கள் கடை வைத்துப் பெருகினார்கள்.

சீன வம்சத்தவர்கள் 1997-க்குப் பின் சீனப் பிரஜைகள் ஆவார்கள் என்பது ஏற்பாடு. வெள்ளையர்களுக்குத் தாய்நாடு உண்டு. காலனிப் பிரஜாவுரிமை ஒன்றை மட்டுமே வைத்திருந்த இந்திய வம்சாவளியினருக்கு என்ன உண்டு? சீனா அவர்களைத் தன் பிரஜைகளாகக் கருதவில்லை. பிரிட்டன் கொடுக்க முன்வந்த கடவுச்சீட்டில் பிரிட்டனில் குடியேறும் உரிமை இல்லை. பேரப்பிள்ளைகள் காலத்தில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக நிற்க வேண்டிய அபாயம் இருந்தது.

பல ஆண்டுகள் மனுக்கொடுத்துப் போராடிய பிறகு, வேறு பிரஜாவுரிமை இல்லாத இந்தச் சிறுபான்மையினர் பிரிட்டிஷ் பிரஜைகளாகப் பதிந்துகொள்ள வழி செய்து 1997 மார்ச்சில் லண்டன் சட்டம் இயற்றியது. கொடி இறங்க மூன்றரை மாதம்கூட இல்லை. சில ஆயிரம் பேரின் விஷயத்துக்கே இவ்வளவு தாமதம்.

பயம் பலித்த விதம்

கைமாறிய மறுநாளே வானம் இடிந்து விழவில்லை. கோர்ட்டுகள் நடந்தன. பத்திரிகைகள் வெளிவந்தன. நாணயத்துக்குப் போட்ட கட்டு இன்றும் அவிழவில்லை. குடிபெயர்ந்தவர்களில் கணிசமானோர் திரும்பி வந்தார்கள். பயந்தவர்களைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு அது நல்ல காலம்.

ஆனால் 158-வது ஷரத்து சும்மா இருக்கவில்லை. ஹாங்காங்வாசிகளுக்குச் சீனாவில் பிறந்த பிள்ளைகள் ஹாங்காங்கில் குடியிருக்கலாம் என்று 1999 ஜனவரியில் ஹாங்காங்கின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் 16 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வந்து குவிவார்கள் என்று கணக்குச் சொன்ன ஹாங்காங் சர்க்கார், தானே பீகிங்கிடம் சென்று பொருள் கேட்டது. ஜூன் மாதம் நிலைக்குழு வேறு பொருள் சொன்னது. தீர்ப்பு செல்லாக்காசாயிற்று. கூட்டம் குவியும் என்ற பயத்தில் அன்றைக்கு அதை வரவேற்ற ஹாங்காங்வாசிகளும் பலர் இருந்தார்கள். கதவு ஒரு முறை திறந்துவிட்டால் பிறகு அது யாருக்காகத் திறக்கும் என்பதை அவர்கள் எண்ணவில்லை.

2003-ல் 23-வது ஷரத்துப்படி மசோதா வந்தபோது சுமார் ஐந்து லட்சம் பேர் தெருவில் இறங்கினார்கள். மசோதா வாபஸ் ஆயிற்று. முடிவான இலக்கு அனைவருக்கும் வாக்குரிமை என்று சட்டத்தில் எழுதியிருந்தது. அந்த வாக்குரிமையின்படி, நியமனக் குழு தேர்ந்துகொடுக்கும் இரண்டு மூன்று பேரில் ஒருவருக்கு மக்கள் ஓட்டுப் போடலாம் என்று 2014-ல் நிலைக்குழு முடிவு செய்தது. அதை எதிர்த்து இளைஞர்கள் 79 நாள் தெருக்களை மறித்து உட்கார்ந்தார்கள். 2016-ல் சட்டசபை அங்கத்தினர்களின் பதவிப் பிரமாணம் பற்றிய வழக்கில், ஹாங்காங் கோர்ட் தீர்ப்புச் சொல்வதற்கு முன்பே நிலைக்குழு பொருள் சொல்லிவிட்டது.

2019-ல் குற்றவாளிகளைச் சீனாவுக்கு ஒப்படைக்க வகைசெய்யும் மசோதா பெரும் கிளர்ச்சியை மூட்டியது. மறு ஆண்டு ஜூன் 30-ம் தேதி பீகிங் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தை நேரடியாக இயற்றியது. ஹாங்காங் சட்டசபையில் ஒரு விவாதமும் இல்லை. அதன் முழு வாசகம், சட்டம் அமலுக்கு வந்த அன்றிரவுதான் மக்களின் கண்ணில் பட்டது. இதற்கும் பொருள் சொல்லும் அதிகாரம் நிலைக்குழுவுக்கே. 2021-ல் தேர்தல் முறை மாற்றப்பட்டு, 90 இடங்கள் கொண்ட சட்டசபையில் நேரடித் தேர்தலுக்கு 20 இடங்களே மிஞ்சின. 2024 மார்ச்சில் 23-வது ஷரத்துப்படியான சட்டமும் நிறைவேறியது. ஒரு காலத்தில் அடிப்படைச் சட்டத்தை எழுதும் குழுவில் இருந்த மார்ட்டின் லீ, 82-வது வயதில், அனுமதியில்லாத ஊர்வலத்தில் கலந்துகொண்டதற்காகத் தண்டனை பெற்றார். சிறைவாசம் மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது.

சீனாவின் தரப்பில் சொல்வதற்கு இல்லாமல் இல்லை. 2019-ல் தெருக்களில் வன்முறை நடந்தது உண்மை. நாட்டின் பாதுகாப்புக்குச் சட்டம் செய்யாத தேசம் எது என்று அது கேட்கிறது. கவர்னர்களை அனுப்பி ஆண்ட பிரிட்டனுக்கு ஜனநாயகப் பாடம் நடத்த என்ன யோக்கியதை என்றும் கேட்கிறது. இரண்டாவது கேள்விக்கு லண்டனிடம் நல்ல பதில் கிடையாது. ஆனால் இவை இரு சர்க்கார்களும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகள். பழையபடியே வாழலாம் என்று வாக்குக் கொடுக்கப்பட்டது ஹாங்காங் மக்களுக்கு. அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை வாக்குக் கொடுத்தவர்களுக்கு இருக்கிறது. 2017-ல் சீன வெளிவிவகார இலாகாவின் பேச்சாளர், கூட்டுப் பிரகடனம் ஒரு சரித்திர ஆவணம், அதற்கு நடைமுறையில் முக்கியத்துவம் இல்லை என்ற பொருளில் பேசினார். 2021 ஜனவரி 31 முதல் பிரிட்டன் தன் பழைய பிரஜைகளுக்குக் கதவைத் திறந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். நாற்பது ஆண்டு தாமதமாகத் திறந்த கதவு அது.

ஐம்பது ஆண்டுக் கெடு முடிய 2047 வரை காலம் இருக்கிறது. சட்டத்தின் 160 ஷரத்துகளும் ஏட்டில் அப்படியே இருக்கின்றன. சுயாட்சி என்ற சொல் இருக்கிறது, வாக்குரிமை என்ற சொல் இருக்கிறது, பேச்சுச் சுதந்திரமும் இருக்கிறது. அவற்றின் பொருள்தான் மாறிவிட்டது. மாற்றியவர்கள் சட்டத்தை மீறவில்லை. சட்டமே கொடுத்த அதிகாரத்தைத்தான் உபயோகித்தார்கள். 1988-ல் நகலைப் படித்துப் பயந்தவர்கள் பயந்தது இதற்குத்தான்.

அரசியல் சட்டமானாலும் தொழிற்சாலை ஒப்பந்தமானாலும், உரிமைகளின் பட்டியலைப் பார்த்து மட்டும் திருப்தி அடைபவர்கள் ஏமாறுவார்கள். அந்தப் பட்டியலை எழுதும்போது தம் ஆட்கள் எத்தனை பேர் மேஜையில் இருந்தார்கள், சந்தேகம் வந்தால் யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்ற இரண்டையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். ஹாங்காங் மக்கள் கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டிய இருவரில் ஒருவர் போகும் அவசரத்தில் இருந்தார், மற்றவர் வரும் அவசரத்தில் இருந்தார்.